சந்தா வேறாகவே இருக்கட்டும்

மலையகத்தின் தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு திறந்த மடல்



கொழும்பிலும் ஹட்டனிலும் காரியாலயம் வைத்திருக்கும் தலைவர்களுக்கு இதை நான் எழுதவில்லை. அவர்களுக்கு மகஜர் எழுதி எழுதியே எங்கள் தலைமுறைக்குக் கை ஓய்ந்துவிட்டது. விடியற்காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் துரையோடு வாய் கொடுத்துவிட்டு, பின்னேரம் யாரோ ஒருத்திக்கு அரைநாள் சம்பளம் மட்டும் எழுதி அரைப்பேர் போட்டதைக் கேட்க அதே துரையின் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் பையில் எந்தச் சங்கத்தின் அட்டை இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

நான் கொழுந்தெடுத்தவளின் மகன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வந்தால் ஆசிரியர்களைக் கடமைக்கு அனுப்புவார்கள். அப்படிப் போன ஒரு பொதுத் தேர்தலில், வாக்களிக்க வந்த இரண்டு பெண்கள் வரிசையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் நின்றார்கள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்தெடுப்பவர்கள். சரி, வேறு வேறு கட்சியாக்கும் என்று நினைத்தேன். விசாரித்தால், இருவரும் புள்ளடி போடப்போவது ஒரே சின்னத்துக்கு! சண்டை முழுவதும் விருப்பு இலக்கத்துக்கு. ஒருத்தியின் சங்கத் தலைவருக்கு ஓர் இலக்கம், மற்றவளின் தலைவருக்கு வேறு இலக்கம். முதல் நாள் இரவு அவர்களுடைய புருஷன்மார் கைகலந்து, ஒருவருக்கு நெற்றியில் தையல். அந்த இரண்டு தலைவர்களும் ஒரு வாரத்துக்கு முன் ஒரே மேடையில் கையைக் கோத்துத் தூக்கிக் காட்டியவர்கள்.

அன்றிலிருந்து எனக்குள் இருக்கும் கேள்வி இதுதான். மேலே கட்டப்படும் கூட்டணி கீழே வரும்போது ஏன் கைகலப்பாகிறது? என் பதில், அது கூட்டணியே இல்லை என்பது. வேட்பாளர் பட்டியலில் யாருக்கு எத்தனை இடம் என்ற பங்கீட்டுக்குக் கூட்டணி என்று பெயர் வைத்திருக்கிறோம். சங்கங்கள் சேர வேண்டுமானால் தோட்டத்திலிருந்துதான் சேர வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தபோது, வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் என்று பிடித்துக் கொடுப்பார்கள். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் உரிமைகளைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். படிக்கத் தெரியாத சனத்திடம் துண்டுப்பிரசுரம் செல்லாது, பாட்டு செல்லும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் அரசியல் பிரசாரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னோடி அவர்தான் என்பேன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். எங்கள் சங்கப் போராட்டத்தில் விழுந்த முதல் உயிர் என்று அவரைச் சொல்கிறோம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டிலிருந்து தன் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அது நிற்காத பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் தோட்ட வாக்கு கைகொடுத்தது. அந்த வாக்கின் பலம் கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த வருடமே, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். அதைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 1952 தேர்தலில் எங்களுக்கு வாக்குமில்லை, ஆளுமில்லை. 1964இல் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் உட்கார்ந்து, இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டபோது எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாக்கில்லாத காலத்தில் சனத்துக்கு இருந்தது சங்கம் ஒன்றுதான். கலியாணப் பதிவும், பாஸ்போட் படிவமும், துரை தடுத்து வைத்த சம்பளமும் எல்லாம் சங்கக் காரியாலயத்துக்கே போயின. எங்கள் ஊரில் சங்கமே கட்சியானது இப்படித்தான். வேறு நாடுகளில் சங்கங்கள் கட்சிக்கு வேலை செய்யும். இங்கே சந்தாக் கணக்கே வாக்குக் கணக்கு. அதனால் ஒரு தலைவர் இன்னொருவரோடு கோபித்துக்கொண்டால் கட்சி உடைவதோடு நிற்காது, தோட்டமும் உடையும். ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம் என்கிறது 1935ஆம் ஆண்டுச் சட்டம். உரிமைக்காக எழுதிய அந்த வரியை எங்கள் ஆட்கள் கோபத்துக்குப் பயன்படுத்திய அளவுக்கு வேறெவரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

ஆனால் சேர்ந்த நாட்களும் உண்டு. 1977 மே மாதம், தோட்டக் காணியைப் பிடுங்கவிடாமல் மறித்துத் திரண்ட கூட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். அன்று காணிக்காக நின்றவர்கள் சங்க அட்டையைப் பார்த்து நிற்கவில்லை. 1984இல் பெரிய சங்கங்கள் ஒன்றாக நடத்திய வேலைநிறுத்தத்தோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. அதுவரை ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்ற பெண்ணுக்குக் குறைந்த கூலிதான். 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனை இயக்கத்தை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் வேலைக்குப் போகாமல் கோயிலடியில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தோம். யுத்த காலம், வேலைநிறுத்தம் என்று சொன்னால் என்ன நடந்திருக்குமோ, பிரார்த்தனைக்கு யார் வழக்குப் போடுவது? அதற்குப் பிறகு அதே வருடம் நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. அழைத்தது ஒரு சங்கம்தான். ஆனால் கோயில் எல்லாருக்கும் பொது.

இப்போது சம்பளக் கதைக்கு வருவோம். 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 700 ரூபா அடிப்படையும் 50 ரூபா கொடுப்பனவும். கேட்டது 1000 ரூபா அடிப்படை. கையெழுத்திட்ட சங்கங்கள் இதுதான் கிடைத்தது என்றன. வெளியே நின்றவை காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றன. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தபோது தோட்டக் கம்பனிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தன. அதற்கு முன்னமே, 2018 ஒக்டோபரில், கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் திரண்டார்கள். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை எந்தச் சங்கமும் பிறகு தேடிப் போகவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் அந்த ஆயிரம் சட்டமானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. ஒரு நாளில் எடுக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள், எட்டாதவளுக்கு அரைப்பேர் போட்டார்கள். ஆயிரத்தைக் கேட்டு ஒன்றாகக் கோஷம் போட்ட சங்கங்கள் அரைப்பேரைக் கேட்க ஒன்றாகப் போகவில்லை. ஒவ்வொருவரும் தன் அங்கத்தவருக்கு மட்டும் பேசினார்கள். ஒரே மலையில் இவளுக்கு முழுப்பேர், அவளுக்கு அரைப்பேர். துரைக்கு இதைவிட வசதி வேண்டுமா?

2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஜனாதிபதியே 1700 ரூபா என்று அறிவித்தார். தேர்தல் வருடம். கைதட்டல் மலையெல்லாம் கேட்டது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் அடிப்படையாகக் கையில் வந்தது 1350. பிறகு ஆட்சி மாறி, 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை 1550, வருகைக்கு அரசாங்கத்திடமிருந்து 200, ஆக 1750 என்று அறிவித்தார்கள். யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். ஆனால் இந்தப் பத்து வருடத்தில் சம்பளம் உயர்ந்த வேளைகளைக் கவனியுங்கள். சில தடவை தேர்தல் நெருங்கியபோது, ஓர் அரசாங்கத்துக்கு எங்கள் வாக்கு தேவைப்பட்டபோது. அப்படியானால் பேரம் பேசும் பலம் தொழிலாளர் பெயர் பதியும் செக்ரோலில் மட்டும் இல்லை, வாக்காளர் இடாப்பிலும் இருக்கிறது. அதைச் சேர்த்துப் பிடிக்க எங்களிடம் ஒரு கை இல்லை. பத்துக் கை இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது.

தமிழ் முற்போக்குக் கூட்டணியை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015இல் மூன்று அமைப்புகள் சேர்ந்தன, ஆறு ஆசனம் வந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்ற பேச்சு செயலாகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு இராட்சதப் பிரதேச சபைகளை உடைத்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய சபைகள் வந்தன. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கக் கூடாது என்றிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. முப்பது வருடமாக நாம் வாக்களித்து உருவாக்கிய சபை எங்கள் ரோட்டில் ஒரு கல் போட முடியாமல் இருந்தது. அது மாறியது சின்ன விஷயமில்லை. மேலே சேர்ந்தால் சட்டம் மாறும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்தக் கூட்டணிக்குத் தோட்டத்தில் கிளை இருந்ததா? மூன்று அமைப்புக்கும் மூன்று தலைவர், மூன்று கொடி, மூன்று விருப்பு இலக்கம். பட்டியலில் மட்டும் ஒன்று. சட்டத்தைத் திருத்திய பிறகு, எந்த ரோட்டுக்கு முதலில் கல் என்று பிரதேச சபையில் போய் உட்கார்ந்து கேட்க ஒரு பொதுக் கமிட்டி இருக்கவில்லை.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து தேசிய மக்கள் சக்திக்குப் போயின. உங்களில் பலர் உங்கள் சங்கத்துக்குச் சந்தாவும் கொடுத்து, அந்தக் கட்சியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வாக்கும் போட்டீர்கள். மலையகப் பெண்களைப் பாராளுமன்றத்தில் உட்கார வைப்பதை எங்கள் சங்கங்கள் எண்பது வருடத்தில் செய்து காட்டவில்லை, அந்தக் கட்சி செய்தது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இதைப் பார்த்துச் சங்கம் இனி வேண்டாம் என்கிறார்கள் இளையவர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆளும் கட்சியின் உறுப்பினர் நாளைக்குக் காலையில் பெரட்டுக்களத்துக்கு வரமாட்டார். வந்தாலும் தன் கட்சி முடிவை மீறிப் பேசமாட்டார். அரைப்பேரை எழுதும் கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் நிற்க ஆள் வேண்டும்.

என் வீட்டுக் கதை ஒன்று. அப்பா ஒரு சங்கத்தின் தோட்டத் தலைவர். தாய்மாமா எதிர்ச் சங்கம். அப்பா நாலாம் காம்பரா, மாமா ஏழாம் காம்பரா. 1994 தேர்தலோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எட்டு மாதம். அம்மா ஒளித்து ஒளித்துத்தான் தன் அண்ணனுக்குக் கறி கொடுத்தனுப்புவாள். அதற்கிடையில் அப்பாவின் தாயார் செத்துப்போனார். செய்தி கேட்டு மண்வெட்டியோடு முதலில் வந்தவர் மாமா. மரண உதவிச் சங்கத்தின் பெட்டியைத் திறந்து பணத்தை எண்ணிக் கொடுத்தவரும் அவரே, அந்த வருடம் பொருளாளர். அப்பா ஒன்றும் பேசவில்லை. வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சங்கத்தில் வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் காசு. யாருடைய சந்தா எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. காமன்கூத்துக்கும் அப்படித்தான், மாரியம்மன் திருவிழாவுக்கும் அப்படித்தான். கணக்கைக் கோயில் முன்றிலில் வாசிப்பார்கள். ஐந்து ரூபா உதைத்தாலும் விடமாட்டார்கள்.

கூட்டணி எப்படிக் கட்டுவது என்று பட்டறை வைத்துப் படிப்பிக்கிறார்கள், ஹோட்டலில் சாப்பாடும் போட்டு. உங்களுக்கு அது தேவையில்லை. மரண உதவிச் சங்கம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் தோட்டத்தில், டிவிசனுக்கு ஒன்றாக, ஒரு பொதுக் கமிட்டி போடுங்கள். இருக்கும் எல்லாச் சங்கங்களிலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆளும் கட்சியோடு நிற்கும் சங்கத்தையும் கூப்பிடுங்கள். அவர்களை வெளியே வைத்தால் அது பொதுக் கமிட்டி இல்லை, எதிர்க்கட்சிக் கமிட்டி. சந்தா அவரவர் சங்கத்துக்கே போகட்டும். சந்தாவில் கை வைக்கப்போகிறார்கள் என்ற பயம் வந்த நிமிடமே மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும், கமிட்டி படுத்துவிடும். கமிட்டிக்கு வீட்டுக் காசு தனி.

சங்கத்தில் இல்லாதவர்களையும் சேருங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு காலத்தில் லயத்தில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் செக்ரோலில் இருந்தார்கள். இன்று காம்பராவில் நாலு வாக்கு இருந்தால் கொழுந்தெடுப்பது ஒருத்தி. மற்றவர்கள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், கார்மென்ட்ஸுக்குப் போகிறார்கள், கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறார்கள். சங்கத்தின் புத்தகத்தில் அவர்கள் பெயர் இல்லை. லயத்துக் கூரை ஒழுகினால் அவர்கள் தலையிலும்தான் ஒழுகுகிறது. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்தபோது, மண் செக்ரோலைப் பார்த்து விழவில்லை. கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் வீடிழந்தவர்களுக்குக் காணி கேட்கும்போது, உன் பெயரில் காணி இருந்ததா என்ற கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் காட்ட ஓர் உறுதிப் பத்திரம் இல்லை. இருநூறு வருடம் இருந்த இடத்துக்கு!

கோரிக்கையை முப்பது ஆக்காதீர்கள். மகஜர் நீண்டால் அமைச்சருக்கு எந்த ஒன்றைச் செய்வது என்று தெரிவு கிடைத்துவிடும், அவர் சுலபமானதைச் செய்துவிட்டுப் படம் எடுப்பார். வீட்டுக்கும் காணிக்கும் உறுதி, அரைப்பேருக்கு எழுத்தில் ஒரு கணக்கு, தோட்டத்து ரோட்டைப் பிரதேச சபை பொறுப்பேற்பது என்று மூன்று போதும். உங்கள் தோட்டத்துக்கு வேறு மூன்று என்றால் அவையே.

வாக்காளர் இடாப்பைக் கையில் எடுங்கள். இது சலிப்பான வேலை, இதில் மாலை இல்லை, மேடை இல்லை. கிராம சேவகர் வருடாவருடம் இடாப்பைத் திருத்தும்போது, எத்தனை பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆயிற்று, கொழும்பில் இருப்பவர்களில் எத்தனை பேர் பெயர் விடுபட்டிருக்கிறது என்று காம்பரா காம்பராவாகப் பாருங்கள். தேர்தல் நாளுக்கு அவர்கள் ஊர் வர பஸ் காசு எங்கிருந்து என்றும் யோசியுங்கள். வேட்பாளரிடம் வாங்க வேண்டாம். வாங்கினால் அந்தப் பஸ்ஸிலேயே கோரிக்கையும் இறங்கிப் போய்விடும்.

வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். வந்தவர்களிடம் மூன்று கோரிக்கையையும் வாசித்து, சம்மதம் என்றால் கையெழுத்து வாங்கி, அதைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். வராதவரின் பெயரையும் ஒட்டுங்கள். விருப்பு வாக்கு மூன்று இருக்கிறதல்லவா? ஒன்று அவரவர் சங்கத்துக்கு, அதில் யாரும் தலையிட வேண்டாம். மற்ற இரண்டையும் கையெழுத்திட்டவர்களுக்கு என்று கமிட்டியாகச் சனத்திடம் கேளுங்கள். என் வரிசையில் முகம் கொடுக்காமல் நின்ற அந்த இரண்டு பெண்களும் மற்றவளின் இலக்கத்துக்கும் ஒரு புள்ளடி போட்டிருக்கலாம். சட்டம் அனுமதித்தது. தலைவர்கள்தான் அனுமதிக்கவில்லை.

கூட்டம் வைக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கக் கூட்டம் என்றால் இரவு ஏழு மணிக்கு என்று வைத்துவிட்டு, பொம்பளைகள் வருவதில்லை என்று குறை சொல்கிறோம். அந்நேரம் அவள் அடுப்படியில் நிற்கிறாள். கொழுந்து நிறுத்து முடிந்து பிள்ளை மடுவத்தில் பிள்ளையைத் தூக்க வரும்போது அரை மணித்தியாலம் பேசுங்கள். தலைவிமாரே, மாதர் சங்கம் என்பது கூட்டத்துக்கு மாலை கட்டவும் தேநீர் ஊற்றவும் அமைத்தது என்று உங்கள் சங்கத்தில் யாராவது இன்னும் நினைத்தால், பொதுக் கமிட்டியின் பணப்பெட்டிச் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நினைப்பு மாறிவிடும்.

மேலிடத்திலிருந்து எதிர்ப்பு வரும். எங்களைக் கேட்காமல் யார் போடச் சொன்னது என்பார்கள். மரண உதவிச் சங்கத்தை யாரைக் கேட்டுப் போட்டோம் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு மேலும் கோபித்தால், அந்தத் தலைவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். முன்வரிசையில் நாற்காலி போடுங்கள், ஒலிவாங்கியை மட்டும் கொடுக்காதீர்கள்.

மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு நடக்கவில்லை. எப்போது வைத்தாலும் சில வாரத்துக்கு முன்தான் அறிவிப்பார்கள். அதற்குள் கமிட்டி கட்ட முடியாது. வரும் போயா லீவு நாளில் பிள்ளை மடுவத்தில் கூடுங்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு வேலை போதும். ஒரு கொப்பியைத் திறந்து, முதல் லயத்திலிருந்து ஒவ்வொரு காம்பராவிலும் எத்தனை வாக்கு, எத்தனை பேர் வெளியூரில், எத்தனை பேருக்கு இந்த வருடம் பதினெட்டு என்று எழுதத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவன்